சைக்கிள் சாவி எங்கே? பள்ளி மாணவர்களுக்கு நாடகமும் நடிப்பும்: முழு வழிகாட்டி

ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம். எட்டாம் வகுப்பு அல்லது ஒன்பதாம் வகுப்பு, ஏழெட்டுப் பேர், 15 நிமிட நாடகம். இந்த அளவை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டி. நடிப்புக்கென்று தனிப் பாடவேளை எந்தப் பள்ளியிலும் எளிதில் கிடைக்காது. கடைசிப் பீரியடோடு பள்ளி விட்டபின் அரை மணியைச் சேர்த்து ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். மொத்தம் 12 ஒத்திகை.

நாடகத்துக்குத் திரை, விளக்கு, ஒப்பனை எல்லாம் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு வகுப்பறையும் இரண்டு பெஞ்சும் இருந்தாலே நடிப்பைக் கற்றுக்கொள்ளலாம். அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

முகத்தை விடுங்கள், தேவையைப் பிடியுங்கள்

பள்ளி ஒத்திகைகளில் அதிகம் காதில் விழும் வாக்கியம், "கொஞ்சம் ஃபீல் பண்ணி நடிப்பா." இதைக் கேட்ட பிள்ளை என்ன செய்யும்? புருவத்தைச் சுருக்கும், பல்லைக் கடிக்கும், கையை ஆட்டும், கத்தும். அது கோபமே இல்லை, கோபத்தின் படம். பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

கோபம், அழுகை, பயம் எதையும் நேராகப் போய் எடுத்துவர முடியாது. ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், இன்னொருவர் குறுக்கே நிற்கிறார். இந்த இழுபறியில் உணர்ச்சி தானாக வருகிறது. நடிகர் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இழுபறியைத்தான்.

கீழே ஆறு வரி இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க இதை வைத்தே பழகப் போகிறோம்.

அண்ணன்: சைக்கிள் சாவி எங்க?
தங்கை: ஆணியிலதான மாட்டினேன்.
அண்ணன்: ஆணியில இல்ல.
தங்கை: அப்ப அம்மா எடுத்திருப்பாங்க.
அண்ணன்: அம்மா வேலைக்குப் போய் ஒரு மணி நேரம் ஆச்சு.
தங்கை: நான் வேணா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வரட்டுமா?

இதில் "கோபம்", "பயம்" என்ற சொல்லே இல்லை. இப்போது ஆளுக்கு நான்கு கேள்வி. நான் யார்? எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறேன்? எனக்கு இப்போது என்ன வேண்டும்? எது தடுக்கிறது?

அண்ணனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மணி 9:20, பத்து மணிக்குத் தேர்வறைக்குள் இருக்க வேண்டும். அவனுக்குச் சாவி வேண்டும். தங்கை நேற்று மாலை கேட்காமல் சைக்கிளை எடுத்துப்போய்ச் சாவியைத் தொலைத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது, தொலைத்தது தான்தான் என்று தெரியாமலே அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அடுத்த வேலை பென்சிலால். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அந்த வரியால் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று ஒரே ஒரு வினைச்சொல் எழுதுங்கள். தங்கையின் முதல் வரி: மழுப்புகிறாள். இரண்டாவது: பழியைத் தள்ளிவிடுகிறாள். மூன்றாவது: தாஜா செய்கிறாள். அண்ணனுக்கு: கேட்கிறான், மடக்குகிறான், நெருக்குகிறான். "வருத்தமாக இருக்கிறாள்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அது நிலை, அதை நடிக்க முடியாது. செய்ய முடிகிற வினைதான் நடிகருக்கு உதவும்: கெஞ்சு, மிரட்டு, சீண்டு, சமாளி, தட்டிக்கொடு, வேவு பார்.

இப்படி எழுதியபின் அதே ஆறு வரியைப் படித்துப் பாருங்கள். கடைசி வரியில் யாரும் சொல்லித்தராமலே தங்கையின் குரல் இறங்கிவிடும்.

எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம்

தமிழ்ப் பாடத்தில் மெய்ப்பாடுகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வோடு மறந்துவிடுகிறோம். நடிகருக்கு அதைவிட நல்ல பயிற்சிக் குறிப்பு கிடைப்பது அரிது. மெய்ப்பாடு என்றால் மனதில் உள்ள உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்ச்சி), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டைச் சொல்கிறது. சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் தருகிறது. முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எதனால் என்று கேள் என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம்.

அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு காரணம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்பிசாசு மாதிரி கண்ணுக்குப் பிடிபடாதது, மிருகம், திருடர், தன்னைவிட அதிகாரம் உள்ளவர். நான்கையும் உடம்பால் செய்து பாருங்கள். தெருவில் நாய் உறுமுகிறது: கண் நாயைவிட்டு அகலாது, உடம்பு மட்டும் பின்னால் போகும், கை எதையாவது தேடும். இருட்டு அறையில் ஏதோ சத்தம்: கண்ணுக்கு இலக்கு கிடையாது, காதுதான் வேலை செய்யும், மூச்சு நிற்கும். வீட்டுக்குள் திருடன்: உடம்பு சிறுத்து ஒடுங்கும், ஒவ்வொரு அசைவும் சத்தமில்லாமல் நடக்கும். தலைமையாசிரியர் அறை வாசல்: கண் தரையைப் பார்க்கும், கை சட்டையைச் சரிசெய்யும், கால் ஓட நினைத்தாலும் நகராது. நான்கும் பயம்தான். நான்குக்கும் ஒரே "பயந்த முகம்" போட்டால் நான்கும் பொய்யாகிவிடும்.

நம் தங்கையின் பயம் இந்த நான்காவது வகை. அதனால் அவள் அண்ணனை நேராகப் பார்க்க மாட்டாள். ஆனால் அவன் திரும்பியிருக்கும்போது பார்ப்பாள். இந்த ஒரு குறிப்பு போதும், காட்சி உயிர்பெற்றுவிடும்.

அழுகைக்கும் இப்படித்தான். இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெட்டு வருந்துவது), வறுமை என்பவை அதன் காரணங்கள். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவர் கண்ணீரை மறைக்கப் பார்ப்பார். வேண்டியவரை இழந்தவருக்கு மறைக்க வேண்டும் என்ற நினைவே இருக்காது. மேடையில் அழுவதைவிட அழாமல் இருக்கப் போராடுவதுதான் பார்ப்பவரைத் தொடும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தோளைக் குலுக்கும் அழுகையைத் தயவுசெய்து இந்த ஆண்டோடு நிறுத்திவிடலாம்.

பயிற்சி: எட்டுச் சீட்டில் எட்டு மெய்ப்பாடு எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்தவர் ஒரு காரணத்தைத் தானே தேர்ந்து, பேச்சில்லாமல் 30 வினாடி செய்துகாட்ட வேண்டும். பார்ப்பவர்கள் மெய்ப்பாட்டின் பெயரைச் சொன்னால் அரை மதிப்பெண், காரணத்தையும் சொன்னால் முழு மதிப்பெண்.

உடம்பு: குடத்தின் எடை எங்கே போனது?

முதலில் சும்மா நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு பாதமும் இடுப்பு அகலத்துக்கு விலகி, முட்டி விறைக்காமல், கை பக்கவாட்டில் தொங்க, ஒரு நிமிடம். கேட்க எளிது. செய்தால் கை பாக்கெட்டைத் தேடும், கால் தாளம் போடும், தாவணி நுனியை விரல் முறுக்கும். இந்தக் கூடுதல் அசைவுகள்தான் மேடையில் நடிகரைக் காட்டிக்கொடுப்பவை. தினமும் ஒத்திகையை இந்த ஒரு நிமிடத்தோடு தொடங்குங்கள்.

அடுத்தது கண்ணாடிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மெதுவாக அசைய மற்றவர் பிம்பம்போல அதையே செய்வது. இரண்டு நிமிடம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஏமாற்றுவதற்காக வேகமாக அசைத்தால் பயிற்சி வீண். யார் முதலில் அசைகிறார் என்று மூன்றாமவருக்குத் தெரியக்கூடாது, அதுதான் இலக்கு. எதிரே இருப்பவரை உண்மையிலேயே பார்க்கும் பழக்கம் இதில்தான் வருகிறது.

மூன்றாவது, பொருளில்லா நடிப்பு. தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் குனிந்து, ஒரு கையால் காற்றைப் பிடித்து, "தூக்கி", நடந்துவிடுவார்கள். அங்கே குடமே இல்லை. சரியாகச் செய்ய: குடத்தின் கழுத்து எவ்வளவு பருமன் என்று முதலில் விரலால் தீர்மானியுங்கள். அந்த வளைவு கடைசிவரை மாறக்கூடாது. தூக்குவதற்கு முன் முட்டி மடங்கி மூச்சு உள்ளே போகும். இடது இடுப்பில் வைத்தால் உடம்பு வலப்பக்கம் சாயும், வலது கை சமநிலைக்காக விலகும். நடை சின்ன அடியாகும். இறக்கி வைக்கும்போது கை உடனே விடாது, குடம் தரையில் ஊன்றியபின்தான் விடும். இறக்கியதும் உடம்பு ஒரு கணம் லேசாகி நிமிரும். இந்தக் கடைசி நிமிர்வைப் பார்த்துத்தான், இதுவரை அங்கே எடை இருந்தது என்று பார்ப்பவர் நம்புகிறார்.

பூ கட்டுதல், தோசை திருப்புதல், பஞ்சரான சைக்கிளைத் தள்ளுதல் எல்லாவற்றையும் இதேபோல் செய்யலாம். வீட்டில் உண்மைப் பொருளோடு ஒருமுறை செய்து, கை என்ன செய்கிறது என்று கவனித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

உடனடி நடிப்பு

வசனம் எழுதாமல் சூழ்நிலையை மட்டும் கொடுத்து இரண்டு நிமிடம் நடிப்பது. இதற்கு ஒரே விதி: எதிராளி சொன்னதை மறுக்காதே, ஏற்றுக்கொண்டு ஒன்றைச் சேர். "டாக்டர், இந்தப் பல்லுதான் வலிக்குது" என்று ஒருவர் தொடங்கினால், "நான் டாக்டர் இல்லியே" என்பவர் விளையாட்டைக் கொன்றுவிட்டார். "இந்தப் பல்லா? இதைப் போன வாரமே பிடுங்கிட்டேனே" என்பவர் கதையை ஓட்டுகிறார். சிரிப்பு வரவைக்க வேண்டும் என்று முயலாதீர்கள். சூழ்நிலையைக் கவனமாகப் பிடித்தால் சிரிப்பு தானே வரும்.

மேடையில் யாராவது வசனத்தை மறந்தால் காப்பாற்றப்போவது இந்தப் பழக்கம்தான்.

குரல்: கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள்

பள்ளி நாடகங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது நடிப்பால் அல்ல. பத்தாவது வரிசைக்குக் கேட்காததால்தான்.

மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு பாடப்புத்தகம் வையுங்கள். மூச்சு இழுக்கும்போது புத்தகம் மேலே வர வேண்டும். தோள் உயர்ந்தால் மூச்சு மேலோட்டமாகப் போகிறது. நான்கு எண்ணும்வரை இழுத்து, "ஸ்ஸ்ஸ்" என்று எட்டு எண்ணும்வரை விடுங்கள். ஒரு வாரத்தில் 12, அடுத்த வாரம் 16. பிறகு அதே மூச்சில் நின்றுகொண்டு "ஆ". கத்துவது தொண்டையால், எட்டுவது மூச்சால். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். 13, 14 வயதில் குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்களுக்கு அலறும் அரசன் வேடம் வேண்டாம். நிதானமாகப் பேசும் வேடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

நாக்குக்குப் பழைய விளையாட்டு வாக்கியங்களே போதும். "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு முடி நரைமுடி." "யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை." முதலில் மெதுவாக ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, பிறகுதான் வேகம். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும் பிள்ளைகளுக்கு "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான்" நல்ல மருந்து.

இனி, தமிழுக்கென்றே உள்ள ஒரு சிக்கல். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில் வருகிறது. மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அங்கேதான். "நான் உன்னை மன்னிக்க மாட்டேன்" என்ற வரியில் "மாட்டேன்" விழுங்கப்பட்டால், பின்வரிசைக்கு எட்டுவது "நான் உன்னை மன்னிக்க". கதையே தலைகீழாகிவிடும். "ஆணியில இல்ல" என்பதும் அப்படித்தான். "இல்ல" கேட்கவில்லையென்றால் சாவி ஆணியில் இருக்கிறது என்றே சபை நினைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். நீண்ட வரியானால் நடுவில் எங்கே மூச்சு எடுப்பது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. ஒருவரை மைதானத்தின் மறுகோடியில், ஏறக்குறைய 20 மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டி நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அழுத்தம் மாறினால் பொருளும் மாறும். "அம்மா எடுத்திருப்பாங்க" என்பதில் "அம்மா"வை அழுத்தினால் நான் இல்லை என்கிறாள். "எடுத்திருப்பாங்க"வை இழுத்தால் அவளுக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிகிறது. இரண்டையும் செய்துபார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இடைவெளியும் வசனம்தான். அண்ணனின் "ஒரு மணி நேரம் ஆச்சு"வுக்குப் பிறகு தங்கை உடனே பேசினால் காட்சி தட்டையாகிவிடும். மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள். அந்த நேரத்தில் அவள் அடுத்த பொய்யைத் தேடுகிறாள். தேடிக் கிடைக்காததால்தான் பஸ் ஸ்டாப் பேச்சை எடுக்கிறாள். எதையும் தேடாமல் வெறுமனே எண்ணினால் அது மௌனம் அல்ல, மறதி மாதிரி தெரியும்.

மேடை: யாருடைய வலது?

மேடையில் வலம், இடம் என்பது நடிகருடையது. சபையைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலதுகைப் பக்கம்தான் மேடை வலம். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் ஒத்திகை முழுக்க ஆட்கள் மோதிக்கொள்வார்கள். மேடையை முன், நடு, பின் என்று மூன்றாகவும், வலம், மையம், இடம் என்று மூன்றாகவும் பிரித்தால் ஒன்பது கட்டம். வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து எண் போட்டுவிடுங்கள். "அஞ்சிலிருந்து ஒன்றுக்குப் போ" என்றால் எல்லோருக்கும் புரியும்.

எவ்வளவு பெரிதாக வரைவது? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்குக்கு அளவு தருகிறது: 24 விரல் ஒரு கோல், ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். பெருவிரல் அகலத்தை ஓர் அங்குலமாக வைத்துக்கொண்டால் 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி. ஏழெட்டுப் பேர் நாடகத்துக்கு இன்றும் இது தாராளம். உங்கள் பள்ளி மேடை 30 அடி அகலம் என்றால் முழுவதையும் நிரப்ப முயலாதீர்கள். நடுவில் 16 அடியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள்.

நிற்பதற்குச் சில விதிகள்:

- இருவர் பேசும்போது முழுக்க எதிரெதிரே திரும்பாமல், முக்கால் முகம் சபைக்குத் தெரியும்படி நில்லுங்கள். முன்பாதங்கள் சபைப் பக்கம் இருந்தால் முகம் தானே வரும்.
- கை நீட்டும்போது சபைக்கு அப்பால் உள்ள கையை நீட்டுங்கள். சபைப் பக்கக் கையை நீட்டினால் உங்கள் முகத்தை நீங்களே மறைத்துக்கொள்வீர்கள்.
- உங்கள் வசனத்தின்போது நகருங்கள், அடுத்தவர் வசனத்தின்போது அசையாதீர்கள். அசைபவர் பக்கம்தான் கண் போகும்.
- மூன்று பேருக்கு மேல் இருந்தால் ரேஷன் கடை வரிசை வேண்டாம். முக்கோணமாக நில்லுங்கள், ஒருவர் உட்காரட்டும், ஒருவர் பின்னால் போகட்டும்.

இதையெல்லாம் நம் ஆறு வரியில் போட்டுப் பார்ப்போம். சாவி மாட்டும் ஆணி எங்கே? பின்சுவரில் வைத்தால் அண்ணன் ஆணியைப் பார்க்கும் முக்கியமான கணத்தில் சபைக்கு அவன் முதுகுதான் தெரியும். ஆகவே ஆணியைச் சபைப் பக்கமுள்ள கற்பனைச் சுவரில், முன்வலக் கட்டத்துக்கு நேரே வையுங்கள். அவன் அங்கே வந்து வெற்றிடத்தைத் தடவும்போது ஏமாற்றம் முழு முகத்தில் தெரியும், பின்னால் நிற்கும் தங்கையின் முகமும் அதே நேரம் தெரியும். ஒரே எச்சரிக்கை: ஆணி எந்த உயரம், எந்த இடம் என்பதில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். அண்ணன் தலைக்கு மேலே பார்க்க, தங்கை இடுப்பு உயரத்தில் பார்த்தால் வீடு இடிந்துவிடும்.

கதையைப் பற்றிக் கொஞ்சம்

நாடகத்தை நீங்களே எழுதினால் ஒரே இடம், ஒரே பொழுது, ஒரு தேவை, மேலும் மேலும் இறுகும் தடை என்று எழுதுங்கள். வசனம் 1,200 சொல்லைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 சொல் என்று பேசினால் 12 நிமிடம். மீதி மூன்று நிமிடம் அசைவுக்கும் சிரிப்புக்கும் வேண்டும். ஐந்து காட்சி வைத்து ஒவ்வொன்றுக்கும் திரையை இழுத்து மூடினால், திரைக்குப் பின்னால் பெஞ்ச் நகரும் சத்தத்தைத்தான் சபை கேட்டுக்கொண்டிருக்கும். இடம் மாறியே ஆக வேண்டுமென்றால் தெருக்கூத்தின் கட்டியங்காரனைக் கடன் வாங்குங்கள். பாத்திரங்களை அறிமுகம் செய்யவும், கேலி பேசவும், கதையை அடுத்த இடத்துக்குத் தாண்ட வைக்கவும் அவனால் முடியும். அவன் பேசும்போதே நடிகர்கள் பெஞ்சை நகர்த்திவிடலாம்.

முடிவில் ஒருவர் முன்னால் வந்து "ஆகவே நண்பர்களே" என்று நீதி சொல்வதை எடுத்துவிடுங்கள். நாடகத்தில் புரியாதது அந்த ஒரு வரியில் புரிந்துவிடப் போவதில்லை.

பேச்சு வழக்கில் எழுதினால் உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். நெல்லைப் பிள்ளை நெல்லைத் தமிழில் பேசினால் வரும் இயல்பு, சினிமாவில் கேட்ட மெட்ராஸ் பேச்சில் வராது. அரசர் கதைக்குச் செந்தமிழ் என்றால் பொருளுக்கு ஏற்ப பிரித்துப் பேசுங்கள், மூச்சு தீர்ந்த இடத்தில் அல்ல.

மனப்பாடம்

செய்யுள் ஒப்பிப்பது மாதிரி ராகம் போட்டு மனப்பாடம் செய்த வசனத்தை அந்த ராகத்திலிருந்து பிரிக்கவே முடியாது. அதனால் முதல் மூன்று ஒத்திகை வரை மனப்பாடம் செய்யாதீர்கள். தேவையும் வினைச்சொல்லும் அசைவும் முடிவானபின், துணி மடித்துக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ, ஏற்ற இறக்கமில்லாமல் சாதாரணமாகச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் வரியோடு, அதற்கு முன் எதிராளி சொல்லும் கடைசி மூன்று சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். தன் வரி மட்டும் தெரிந்தவர் எப்போது பேச வேண்டும் என்று தெரியாமல் நிற்பார். எல்லோருக்கும் வந்தபின், வட்டமாக உட்கார்ந்து முழு நாடகத்தையும் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே இன்னும் வரவில்லை.

பன்னிரண்டு ஒத்திகை

1, 2: பயிற்சிகள், உடனடி நடிப்பு. யாருக்கு எந்த வேடம் என்பதை இதைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். வசனம் வாசிக்கச் சொல்லி மட்டும் தேர்ந்தெடுத்தால் நன்றாக வாசிப்பவர்கள்தான் கிடைப்பார்கள்.
3: உட்கார்ந்து வாசிப்பு, நான்கு கேள்வி, வினைச்சொல்.
4 முதல் 6 வரை: கையில் பிரதி, பென்சில். நுழைவு, நிற்குமிடம், நகர்வு. பேனாவால் எழுத வேண்டாம், நிச்சயம் மாறும்.
7: பிரதி இல்லாமல். இந்த நாள் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம்.
8, 9: காட்சிகளைத் துண்டு துண்டாக எடுத்துச் செதுக்குதல்.
10: உடையும் பொருட்களும்.
11: உண்மையான மேடையில், மைக்கோடு.
12: தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல், கடிகாரம் வைத்து. கூரை விழுந்தால் தவிர யாரும் நிறுத்தக்கூடாது.

நடிக்காத ஒரு மாணவரை மேடைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். எல்லா நகர்வும் குறித்த மூலப்பிரதி அவரிடம் இருக்கும். யார் வரவில்லை, எந்தப் பொருள் இல்லை, எங்கே தடுமாறினார்கள் என்பதெல்லாம் அவர் நோட்டில் ஏறும். கூச்சமான ஆனால் கவனமான பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

உடை, பொருள், ஒப்பனை

வேட்டியும் புடவையும் பழகாத பிள்ளைகள் மேடையில் கால் தடுக்கி விழுவார்கள். மூன்று ஒத்திகையாவது அதே உடையில் செய்ய வேண்டும். வேட்டிக்கு உள்ளே கால்சட்டையும் மேலே பெல்ட்டும் கட்டாயம். ஊக்கு குத்தினால் உள்பக்கமாக மூடிக் குத்துங்கள்.

பொருட்களுக்குப் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு மேசை. மேல் காகிதம் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து ஓரம் வரைந்து பெயர் எழுதிவிட்டால், காலியான இடம் கண்ணில் படும். கண்ணாடி, தீ, உண்மையான கத்தி எதுவும் மேடை ஏறக்கூடாது.

ஒப்பனை கொஞ்சம் போதும்: அவரவர் நிறத்துக்கே பவுண்டேஷன், கண் தூரத்தில் தெரிய மை. வெள்ளையடித்த முகம் கழுத்தோடு சண்டை போடும். நரைக்காகத் தலையில் முகப்பவுடர் கொட்டினால் தலை ஆடும்போதெல்லாம் புகை கிளம்பும். ஒட்டுமீசைக்கு ஒப்பனைக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் கம் மட்டும், அதையும் முதல் நாளே முன்கையில் கொஞ்சம் தடவி அரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காகிதம் ஒட்டும் பசை முகத்துக்கு ஆகாது.

மைக்கும் விளக்கும்

மேடை முன்னால் இரண்டு ஸ்டாண்ட் மைக், அதைச் சுற்றி ஏழு பேர் கும்பல். இதுதான் வழக்கமான காட்சி. பட்டிமன்றத்துக்கான கை மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்தான் நன்றாக எடுக்கும். தள்ளி நின்றால் எடுக்காது, சத்தத்தைக் கூட்டினால் கூவும். மைக் செட்காரரிடம் நாடகம் இருக்கிறது என்று ஒரு வாரம் முன்பே சொல்லி, தூரத்திலிருந்து எடுக்கும் கன்டென்சர் மைக் இரண்டு கிடைக்குமா என்று கேளுங்கள். மேடை விளிம்பில் தாழ்வாக, ஸ்பீக்கருக்குப் பின்னால் வரும்படி வையுங்கள். கிடைக்காவிட்டால், முக்கிய வசனங்கள் ஸ்டாண்ட் மைக் பக்கத்தில் வரும்படி நகர்வை மாற்றி அமையுங்கள். சட்டை மைக் குத்தினால் துப்பட்டாவும் மாலையும் அதில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்து ஒலிபரப்பி, பிள்ளைகள் வாயசைப்பது இப்போது பெருகிவருகிறது. வசதிதான். ஆனால் அதில் நடிகர் கேட்பதும் இல்லை, பதில் சொல்வதும் இல்லை. நடிப்பு கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அது வேண்டாம்.

விளக்கில் ஒரே கேள்வி: முகத்தில் வெளிச்சம் விழுகிறதா? தலைக்கு நேர் மேலே உள்ள விளக்கு கண்குழியை இருட்டாக்கும். முன்னால் இரு பக்கமிருந்தும் சற்று மேலிருந்து சாய்வாக வர வேண்டும். தூண் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததைச் சிலப்பதிகாரமே சொல்கிறது. நிழல் பிரச்சினை அவ்வளவு பழையது.

அன்றைக்கு

இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்; இரண்டு இட்லி, தண்ணீர். கை நடுங்கினால் அது இயல்பு. மூச்சுப் பயிற்சியில் விடும் மூச்சை நீட்டினால் அடங்கும். பக்கத்திரை ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். உங்களுக்குச் சபை தெரிகிறது என்றால் சபைக்கும் நீங்கள் தெரிகிறீர்கள்.

சபை சிரித்தால் பேச்சை நிறுத்துங்கள். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். அந்த நேரத்தில் பாத்திரமாகவே இருங்கள், சபையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

வசனம் மறந்தால் நாக்கைக் கடிக்காதீர்கள், மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் பக்கம் திரும்பாதீர்கள். கையிலுள்ள வேலையைத் தொடருங்கள். எதிராளி ஒரு கேள்வி கேட்டு எடுத்துக்கொடுக்கட்டும். அண்ணன் "ஆணியில இல்ல" என்ற வரியை மறந்தால், "ஏன் ஆணியையே பார்க்கிற, இல்லியா?" என்று தங்கை கேட்டால் போதும். பொருள் கீழே விழுந்தால் பாத்திரம் எடுப்பது போல எடுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் சபை நாடகம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அடக்க முடியாத சிரிப்பு வந்தால் சபைக்கு முதுகு காட்டி ஏதாவது ஒரு வேலை செய்து, மூச்சை முழுக்க வெளியே விடுங்கள்.

கடைசி வணக்கத்தையும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். வரிசை, யார் நடுவில், எப்போது குனிவது, எந்தப் பக்கம் வெளியேறுவது. குனிந்து இரண்டு எண்ணி நிமிருங்கள். பொறுப்பாளரையும் மேடைக்கு இழுத்து வாருங்கள். பிறகு பொருட்கள் எல்லாம் மேசையில் அவற்றின் கோட்டுக்குள் போய்ச் சேரட்டும். ஒப்பனையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, அதன்பிறகு சோப்பு போட்டு முகம் கழுவுங்கள்.